வளாகத்துக்குள் போலீஸ், ஸ்டேஷன் வாசலில் ஆசிரியர்: போராட்ட நாட்களில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லூரியில் போராட்டம் தொடங்கி இரண்டாம் நாள் ஆனதும் மூன்று பக்கமிருந்தும் போன் வர ஆரம்பிக்கும். "போலீஸ் உள்ளே வரலாமா சார்?" என்பார்கள் மாணவர்கள். "எம்புள்ள மேல கேஸ் போட்டா வேலை கிடைக்காதா?" என்பார்கள் பெற்றோர். கடைசியாக, குரலைத் தாழ்த்திக்கொண்டு சக ஆசிரியர்கள் கேட்பார்கள்: "நாங்களும் கூடப் போய் நின்னா என்ன ஆகும்?"

நான் வழக்கறிஞர் இல்லை. கல்லூரியில் பாடம் நடத்தியவன், ஆசிரியர் சங்கப் பொறுப்பில் இருந்தவன். கீழே இருப்பவை தமிழ்நாட்டையும் இந்தியச் சட்டத்தையும் மனத்தில் வைத்து எழுதிய பதில்கள். உங்கள் வழக்குக்கு உங்கள் வழக்கறிஞர் சொல்வதுதான் முடிவு. இன்னொன்று: 2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதில் பாரதிய நியாய சன்ஹிதா (பி.என்.எஸ்.), குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (பி.என்.எஸ்.எஸ்.) வந்துவிட்டன. பழைய பிரிவு எண்களே இன்னும் பலர் வாயில் வருவதால், தேவையான இடத்தில் இரண்டையும் தந்திருக்கிறேன்.

துணைவேந்தரோ முதல்வரோ அனுமதிக்காமல் போலீஸ் வளாகத்துக்குள் வரவே முடியாது என்கிறார்களே, உண்மையா?

இல்லை. நம் ஊரில் இதைவிட ஆழமாக வேரூன்றிய தவறான நம்பிக்கை வேறு இல்லை. கல்லூரி நிர்வாகம் கேட்டால்தான் போலீஸ் உள்ளே போவது என்பது நல்ல மரபு. ஆனால் அது மரபு மட்டும்தான். குற்றம் நடக்கிறது, அல்லது நடக்கப்போகிறது என்று போலீஸ் கருதினால், வளாகத்தின் சுற்றுச்சுவர் சட்டப்படி அவர்களைத் தடுக்காது.

இந்த மரபை இரு பக்கமும் வசதிப்படி வளைத்திருக்கிறார்கள். 2008 நவம்பர் 12 அன்று சென்னை அம்பேத்கர் அரசு சட்டக் கல்லூரியில் மாணவர்களுக்குள் கொலைவெறித் தாக்குதல் நடந்தபோது, போலீஸார் வாசலில் நின்று வேடிக்கை பார்த்ததைத் தொலைக்காட்சியில் நாடே பார்த்தது. கல்லூரி முதல்வர் அழைக்கவில்லை, அதனால் உள்ளே போகவில்லை என்பது அவர்கள் சொன்ன காரணம். பின்னால் முதல்வர் மீதும் காவல் அதிகாரிகள் மீதும் நடவடிக்கை வந்தது. பதினோரு ஆண்டு கழித்து, 2019 டிசம்பர் 15 இரவு, டெல்லி ஜாமியா மில்லியா பல்கலைக்கழகத்தில் போலீஸின் இன்னொரு முகம் தெரிந்தது. நூலகத்துக்குள்ளேயே புகுந்து மாணவர்களை அடித்தார்கள். அனுமதி இல்லாமல் நுழைந்தார்கள் என்று துணைவேந்தர் நஜ்மா அக்தரே வெளிப்படையாகச் சொன்னார். அதே இரவில் அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்துக்குள்ளும் போலீஸ் போனது. அங்கே நிர்வாகமே அழைத்திருந்தது.

அடி வாங்கிய மாணவருக்கு இந்த வித்தியாசம் அன்று இரவு எந்த ஆறுதலும் தராது. ஆனால் மறுநாள் காலையில் இருந்து எல்லாமே இதைச் சுற்றித்தான் நடக்கும். அழைத்தார்களா இல்லையா, அழைத்தால் யார் கையெழுத்து, எத்தனை மணிக்கு, கடிதத்தில் என்ன காரணம் எழுதியிருந்தது? அரசுக் கல்லூரி, பல்கலைக்கழகம் என்றால் அந்தக் கடிதத்தின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். மறுத்தால் மறுப்பும் எழுத்தில் கிடைக்கும், அதுவும் பயன்படும்.

முதல்வர் போலீஸைக் கூப்பிடுவதில் என்ன தவறு? அவருக்கும் பொறுப்பு இருக்கிறதே?

இருக்கிறது. கத்தி, கட்டையோடு வெளியாட்கள் வந்தால் கூப்பிடத்தான் வேண்டும், கூப்பிடாததுதான் குற்றம். 2020 ஜனவரி 5 அன்று முகமூடிக் கும்பல் டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழக (ஜே.என்.யு.) விடுதிகளுக்குள் புகுந்து தாக்கியது. பேராசிரியர் சுசரிதா சென்னின் தலையே உடைந்தது. போலீஸ் வாசலோடு நின்றது. அங்கே எல்லோரும் கேட்டது "ஏன் உள்ளே வரவில்லை?" என்றுதான்.

அறை முன்னால் உட்கார்ந்து கோஷம் போடுகிறவர்களை அகற்ற நள்ளிரவில் கூப்பிடுவது வேறு கதை. 2014 செப்டம்பர் 16 இரவு கொல்கத்தா ஜாதவ்பூர் பல்கலைக்கழகத் துணைவேந்தர் அப்படித்தான் செய்தார். மாணவியிடம் நடந்த பாலியல் அத்துமீறலுக்கு முறையான விசாரணை கேட்டு மாணவர்கள் அவரை முற்றுகையிட்டிருந்தார்கள். போலீஸ் வந்து அடித்து இழுத்துப் போனது. மறுநாளில் இருந்து கோரிக்கை விசாரணையோடு நிற்கவில்லை. துணைவேந்தர் விலக வேண்டும் என்று ஆகிவிட்டது. ஆசிரியர்களும் மாணவர்களோடு சேர்ந்துகொண்டார்கள். 2015 ஜனவரியில் அவர் பதவி விலகினார். விசாரணைக் குழு ஒன்றை ஒழுங்காக அமைத்திருந்தால் ஒரு வாரத்தில் முடிந்திருக்கும் விஷயம் அது என்பது என் எண்ணம்.

அமைதியாகத் தரையில் உட்கார்ந்திருந்தாலும் கைது செய்ய முடியுமா?

செய்கிறார்கள். அது நிற்குமா என்பது அடுத்த கேள்வி.

வழக்கமாக நடப்பது இது. முதலில் தடை உத்தரவு: பழைய 144, இப்போது பி.என்.எஸ்.எஸ். 163. பிறகு, கலைந்து போகச் சொல்லி ஒலிபெருக்கியில் ஓர் அறிவிப்பு. சட்டவிரோதமான கூட்டத்தைக் கலைந்து போகச் சொல்லும் அதிகாரம் சப்-இன்ஸ்பெக்டர் தரத்திலேயே தொடங்குகிறது. கலையாவிட்டால் பஸ்ஸில் ஏற்றுவார்கள். எஃப்.ஐ.ஆரில் பெரும்பாலும் சட்டவிரோதக் கூட்டம் (பி.என்.எஸ். 189, பழைய 143), உத்தரவை மீறியது (223, பழைய 188), வழிமறித்தது (126, பழைய 341) ஆகியவை இருக்கும். இவை ஜாமீனில் வரக்கூடியவை. அரசு ஊழியரைத் தாக்கிப் பணியைத் தடுத்ததாகச் சொல்லும் 132 (பழைய 353), பொதுச்சொத்துச் சேதத் தடுப்புச் சட்டம் ஆகியவை சேர்ந்தால்தான் ஜாமீன் சிக்கலாகும். ஒரு கண்ணாடி உடைந்தால் வழக்கின் எடையே மாறிவிடும் என்று மாணவர்களிடம் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்திருக்கிறது.

சென்னை உயர் நீதிமன்றம் 2018 செப்டம்பரில் ஜீவானந்தம் வழக்கில் தந்த தீர்ப்பை ஒவ்வொரு மாணவர் அமைப்பும் அச்சடித்து வைத்திருக்க வேண்டும். 188-க்கு போலீஸ் தானாக எஃப்.ஐ.ஆர். போட முடியாது, உத்தரவு போட்ட அதிகாரியோ அவருக்கு மேலானவரோ நீதித்துறை நடுவரிடம் எழுத்தில் புகார் தரவேண்டும் என்றது அது. அமைதியான எதிர்ப்பைச் சட்டவிரோதக் கூட்டம் என்று முத்திரை குத்தக்கூடாது என்றும் சொன்னது. இதை வைத்துப் பிறகு எத்தனையோ போராட்ட வழக்குகள் ரத்தாகியிருக்கின்றன. சட்ட எண் மாறினாலும் அந்தக் கட்டுப்பாடு புதுச் சட்டத்திலும் தொடர்கிறது.

கல்யாண மண்டபத்தில் வைத்திருந்து மாலையில் விட்டுவிட்டார்கள். அப்படியானால் வழக்கு இல்லைதானே?

அப்படி நினைத்துத்தான் பலர் வீட்டுக்குப் போய் மறந்துவிடுகிறார்கள்.

மண்டபத்தில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். மதியம் பொட்டலத்தில் எலுமிச்சைச் சாதம் வரும். மின்விசிறிக்குக் கீழே இடம் பிடிக்கப் போட்டி நடக்கும். யாராவது பறையடிப்பார்கள். நான்கு மணி வாக்கில் ஸ்டேஷன் ரைட்டர் நீள நோட்டோடு வந்து உட்கார்ந்து பெயர், அப்பா பெயர், வயது, முகவரி, செல் நம்பர் என்று ஒவ்வொருவராகக் கேட்டு எழுதுவார். கையெழுத்து வாங்குவார். ஆறு மணிக்கு "எல்லாரும் போகலாம்பா" என்று குரல் வரும். போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள்.

அந்த நோட்டுதான் விஷயம். வெறும் முன்னெச்சரிக்கைக் கைதாக முடிந்திருக்கலாம். பி.என்.எஸ்.எஸ். 170-இல் (பழைய 151) 24 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்க முடியாது. போலீஸ் சொல்லுக்குக் கட்டுப்படாதவரைப் பிடித்துவைத்து, சிறிய விஷயமானால் 24 மணி நேரத்துக்குள் விட்டுவிடலாம் என்று 172-ஆவது பிரிவும் புதிதாக வந்திருக்கிறது. ஆனால் அந்தப் பெயர்ப் பட்டியலை வைத்து எஃப்.ஐ.ஆரும் போட்டிருக்கலாம். இரண்டு மூன்று ஆண்டு கழித்து, பையன் பெங்களூரில் வேலையில் இருக்கும்போது, ஊர் முகவரிக்குச் சம்மன் வரும். ஆகவே மறுநாளே கிரைம் நம்பர் (எஃப்.ஐ.ஆர். எண்) இருக்கிறதா என்று கேளுங்கள். எஃப்.ஐ.ஆரை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. பாலியல் குற்றம், பயங்கரவாதம் போன்ற சில குற்றங்களுக்கு மட்டும் விலக்கு. தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் தேடலாம்.

முறையாகக் கைது செய்தால் மாணவருக்கு என்னென்ன உரிமை உண்டு?

காரணத்தைச் சொல்ல வேண்டும். 2025 பிப்ரவரியில் விஹான் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம், காரணம் சொல்லாத கைது அரசியல் சட்டத்தின் 22-ஆவது பிரிவை மீறிய கைது, செல்லாது என்று மீண்டும் அடித்துச் சொன்னது. வீட்டாருக்கோ நண்பருக்கோ தகவல் தர வேண்டும். வழக்கறிஞரைப் பார்க்க விட வேண்டும். 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும். பயண நேரம் மட்டும் கழிவு. ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில், கைது ஏன் தேவை என்று போலீஸ் காரணம் பதிய வேண்டும், இல்லாவிட்டால் நோட்டீஸ் கொடுத்து விசாரித்தால் போதும். அர்னேஷ் குமார் வழக்கு, 2014. போராட்ட வழக்குகள் கிட்டத்தட்ட எல்லாமே இந்த வரம்புக்குள் வருபவைதாம்.

பலரும் கவனிக்காத ஒன்று வயது. முதலாமாண்டு மாணவர்களில் பலருக்கு 18 முடிந்திருக்காது. அவர்களை லாக்கப்பில் வைக்கவே கூடாது, இளைஞர் நீதிக் குழுமத்தின் முன்தான் நிறுத்த வேண்டும். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழின் படம் கையில் இருந்தால் ஸ்டேஷனில் பாதி வாக்குவாதம் மிச்சம்.

மாணவிகளை இரவில் கைது செய்யக்கூடாது என்பது?

சூரியன் மறைந்த பிறகு, உதிக்கும் முன்பு பெண்களைக் கைது செய்யக்கூடாது என்பது விதி. தவிர்க்க முடியாத நிலையில் பெண் அதிகாரி, முதல் வகுப்பு நடுவரின் முன் அனுமதி வாங்கிச் செய்யலாம். ஆனால் 2025 பிப்ரவரியில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, இது வழிகாட்டும் விதிதான், மீறியதாலேயே கைது செல்லாததாகிவிடாது, அதிகாரி மீறலுக்கு விளக்கம் தர வேண்டும் என்று சொல்லிவிட்டது. ஆகவே, மீறினால் உடனே விட்டுவிடுவார்கள் என்று நம்பி இருக்கவேண்டாம். நேரத்தைக் குறித்து வையுங்கள்.

செல்போனைக் கேட்டால் கொடுக்க வேண்டுமா?

வழக்கில் பறிமுதல் செய்தால் அதற்கு மகஜர் (பறிமுதல் விவரக் குறிப்பு) எழுதி நகல் தர வேண்டும். பறிமுதலை வீடியோ எடுக்கவேண்டும் என்று பி.என்.எஸ்.எஸ். 105 சொல்கிறது. மண்டபத்தில் "போனை எல்லாம் இந்தப் பையில போடுங்க" என்பது பறிமுதல் அல்ல; பை திரும்பி வருகிறதா என்று மட்டும் பாருங்கள். பாஸ்வேர்டைச் சொல்லக் கட்டாயப்படுத்தலாமா என்பதில் நீதிமன்றங்கள் வெவ்வேறு திசையில் பேசியிருக்கின்றன. வழக்கறிஞர் வரட்டும் என்று சொல்லி நிற்பதே நல்லது.

ஆசிரியர் ஸ்டேஷனுக்குப் போய் என்ன செய்துவிட முடியும்?

நிறைய. மேடையில் ஏறி ஆதரவு உரை நிகழ்த்துவதைவிட, ராத்திரி பத்து மணிக்கு ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஆசிரியர்தான் மாணவருக்கு அதிகம் உதவுகிறார். சாட்சி இருக்கும் இடத்தில் கை நீளாது.

ஐ.டி. கார்டைப் போட்டுக்கொண்டு, முடிந்தால் இரண்டு பேராகப் போங்கள். ஒருவர் பெண் ஆசிரியராக இருந்தால் நல்லது. குரல் உயர்த்தவேண்டாம். யார் யார் உள்ளே இருக்கிறார்கள், எத்தனை மணிக்குக் கொண்டு வந்தார்கள், என்ன பிரிவு, கிரைம் நம்பர் என்ன, எந்த நடுவர் முன் எப்போது கொண்டுபோகிறார்கள்: இந்த ஐந்தையும் கேளுங்கள், ஒரு தாளில் எழுதுங்கள். பதில் சொல்லாவிட்டால் "பதில் சொல்லவில்லை, 10.40" என்று எழுதுங்கள். சட்டைப்பையில் இருக்கும் பெயர்ப் பட்டையைப் பார்த்துப் பெயரையும் குறியுங்கள். நீங்கள் எழுதுவதை அவர்கள் பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

மூக்குக்கண்ணாடி, ஆஸ்துமா இன்ஹேலர், மாத்திரை, மாற்றுத்துணி உள்ளே போகிறதா என்று பாருங்கள். பெற்றோருக்கு நீங்களே போன் செய்யுங்கள். போலீஸ் குரலில் முதல் தகவல் போனால் பாதி வீடுகளில் பையனுக்கு இரண்டாவது விசாரணை தொடங்கிவிடும். பணமில்லாத குடும்பமென்றால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை 15100-இல் கூப்பிடுங்கள். காவலில் இருப்பவருக்கு, பெண்களுக்கு, பட்டியலினத்தவர், பழங்குடியினருக்கு வருமான வரம்பு பார்க்காமலே இலவச வழக்கறிஞர் உண்டு.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். "இவங்க எல்லாம் அப்பாவி சார், அந்த மூணாவது வருஷப் பசங்கதான் தூண்டிவிட்டாங்க" என்று சிலரைக் காப்பாற்றச் சிலரைக் காட்டிக்கொடுப்பது. நல்லெண்ணத்தில் சொல்வதுதான். குற்றப்பத்திரிகையில் நீங்களே அரசுத் தரப்பு சாட்சியாக இருப்பதைப் பிறகு பார்ப்பீர்கள்.

ஆதரவு கொடுத்ததற்காக ஆசிரியரையே கைது செய்வார்களா?

அடிக்கடி நடப்பதில்லை, நடந்திருக்கிறது. 2016 மார்ச் 22 அன்று ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில், ஆய்வு மாணவர் ரோகித் வெமுலாவின் மரணத்துக்குப் பிறகு விடுப்பில் இருந்த துணைவேந்தர் மீண்டும் பொறுப்பேற்றபோது போராட்டம் வெடித்தது. மாணவர்களோடு இரண்டு ஆசிரியர்களும் கைதானார்கள். ஒரு வாரத்தில் ஜாமீன் கிடைத்தது. ஆனால் ஜூனில் அந்த இரண்டு பேரையும் பல்கலைக்கழகம் சஸ்பென்ட் செய்தது. காரணம்: 48 மணி நேரத்துக்கு மேல் காவலில் இருந்தது. எதிர்ப்புக் கிளம்பியதும் அதைத் திரும்பப் பெற்றார்கள்.

இந்த 48 மணி நேரத்தை ஆசிரியர்கள் நினைவில் வைக்கவேண்டும். மத்திய அரசுப் பணி விதியிலும் தமிழ்நாடு அரசுப் பணி விதியிலும் ஒரே கணக்குதான்: 48 மணி நேரம் தாண்டிக் காவலில் இருந்தால் யாரும் கையெழுத்துப் போடாமலே நீங்கள் சஸ்பென்ட் ஆனதாகக் கருதப்படுவீர்கள். ஆகவே ஆசிரியருக்கு முதல் நாளே ஜாமீன் மனு போடுவது மாணவருக்குப் போடுவதைவிட அவசரம். கைதானதை மேலதிகாரிக்கு நீங்களே எழுத்தில் தெரிவித்துவிடுங்கள், மறைத்தால் அது தனிக் குற்றச்சாட்டாகும்.

மெமோ வந்தால்?

போலீஸ் வழக்கைவிட மெமோதான் ஆசிரியரை நீண்ட நாள் துரத்தும். மாணவர் மேல் போட்ட வழக்கு ரத்தாகி, அவர் கல்யாணமாகிப் போன பிறகும், ஆசிரியரின் பதவி உயர்வுக் கோப்பில் அந்தத் தாள் கிடக்கும். பணி ஒழுங்கு விதியின் 17பி நடவடிக்கை நிலுவையில் இருந்தபடியே ஓய்வு பெற்று, ஓய்வூதியப் பலன்களுக்காக அலைந்தவர்களை எனக்குத் தெரியும்.

மூன்றையும் பிரித்துப் பாருங்கள். விளக்கம் கேட்கும் மெமோ ஒன்று. சிறு தண்டனைக்கான 17ஏ ஒன்று. பெருந்தண்டனைக்கான 17பி இன்னொன்று. அதில் விசாரணை அதிகாரி, சாட்சிகள், குறுக்கு விசாரணை எல்லாம் உண்டு. உதவிபெறும் கல்லூரி என்றால் தனியார் கல்லூரிகள் ஒழுங்குமுறைச் சட்டம், 1976 இருக்கிறது. விசாரணை இல்லாமல் வீட்டுக்கு அனுப்ப முடியாது.

மெமோவின் மொழி எப்போதும் ஒரே மாதிரி இருக்கும். "தாங்கள் மாணவர்களைத் தூண்டிவிட்டுக் கல்லூரியின் அமைதிக்குக் குந்தகம் விளைவித்தமைக்கு ஏன் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கக்கூடாது என்பதற்கு மூன்று தினங்களுக்குள்" என்று ஓடும். தேதி இருக்காது, இடம் இருக்காது, என்ன சொன்னீர்கள் என்பதும் இருக்காது. உடனே உணர்ச்சிவசப்பட்டு ஆறு பக்கம் எழுதவேண்டாம். "எந்தத் தேதியில், எந்த இடத்தில், என்ன சொன்னதாகப் புகார்? புகாரின் நகல் தரவும். பெற்றபின் விளக்கம் அளிப்பேன்" என்று நான்கு வரி எழுதி, நகலில் முத்திரையோடு ஒப்புதல் வாங்குங்கள். அப்புறம் சங்கத்துக்குப் போங்கள். மூட்டா, ஏ.யு.டி. போன்ற கல்லூரி ஆசிரியர் சங்கங்களின் பழைய ஆட்கள் இப்படிப்பட்ட கோப்புகளைக் கரைத்துக் குடித்தவர்கள்.

ஆர்ப்பாட்டத்தில் நிற்பதே குற்றமா என்றால், இல்லை. அரசு ஊழியர் எந்த ஆர்ப்பாட்டத்திலும் கலந்துகொள்ளக்கூடாது என்ற பீகார் அரசு விதியை உச்ச நீதிமன்றம் 1962-லேயே காமேஷ்வர் பிரசாத் வழக்கில் அடித்துவிட்டது. வேலைநிறுத்தம் அப்படி இல்லை. 2003-இல் தமிழ்நாட்டில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட அரசு ஊழியர், ஆசிரியர்களை ஒரே வீச்சில் டிஸ்மிஸ் செய்தது நினைவிருக்கும். அந்த வழக்கில், வேலைநிறுத்தம் செய்ய அரசு ஊழியருக்கு அடிப்படை உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆகவே மாணவர்களோடு நிற்பதாக இருந்தால் உங்கள் வகுப்பு நேரம் முடிந்து நில்லுங்கள், அல்லது தற்செயல் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு நில்லுங்கள். ஜே.என்.யு.வில் 2018 ஜூலை 31 அன்று ஒரு நாள் போராடியதற்கு, ஓராண்டு கழித்து 48 ஆசிரியர்களுக்குக் குற்றக் குறிப்பாணை (சார்ஜ் மெமோ) கொடுத்தார்கள். அவர்கள் மீது அரசுப் பணி நடத்தை விதிகளை ஏவியதுதான் அதில் பெரிய விவகாரமே. ஆசிரியர் அரசு எழுத்தரைப் போல வாய்மூடி இருக்கவேண்டியவரா என்ற கேள்வி அங்கிருந்துதான் வலுத்தது. அரசு எழுத்தரும் அப்படி இருக்கவேண்டியதில்லை என்று 2020 ஜனவரியில் திரிபுரா உயர் நீதிமன்றம் ஒரு பெண் ஊழியரின் வழக்கில் சொல்லியிருக்கிறது.

சஸ்பென்ட் செய்தால் மூன்று மாதத்துக்குள் குற்றக் குறிப்பாணை தரவேண்டும் என்பது 2015-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. தேதி தாண்டியதுமே தானாக வேலை திரும்பிவிடாது. வழக்குப் போட்டுக் கேட்கவேண்டும். அதுவரை பிழைப்பூதியம்தான்.

நான் கௌரவ விரிவுரையாளர். எனக்கும் இதே பாதுகாப்பு உண்டா?

இல்லை, இதைச் சுற்றி வளைத்துச் சொல்வது துரோகம். உங்களுக்கு மெமோ தேவையே இல்லை. அடுத்த ஆண்டுப் பட்டியலில் பெயர் இருக்காது, அவ்வளவுதான். சுயநிதிக் கல்லூரியில் அதுகூட வேண்டாம், "நாளையிலிருந்து வரவேண்டாம் மேடம்" என்ற ஒரு போன் போதும்.

ஆகவே நிரந்தரப் பணியில் இருப்பவர்கள் முன்வரிசையில் நிற்கவேண்டும். அறிக்கையில் முதல் கையெழுத்து, முதல்வர் அறைக்குப் போகும் குழு, ஸ்டேஷன் வாசல், எல்லாம் அவர்கள் வேலை. கௌரவ விரிவுரையாளர் பெற்றோரிடம் பேசலாம், விடுபட்ட பாடத்தை மாணவருக்கு எடுக்கலாம், வழக்குச் செலவுக்குப் பணம் திரட்டலாம். கட்டாயப்படுத்தி அவர்களைக் கையெழுத்திடச் சொல்லும் மூத்த பேராசிரியர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும்.

வகுப்பில் இதைப் பற்றிப் பேசலாமா? வாட்ஸ்அப்பில்?

வகுப்பில் பாடத்தோடு தொடர்பு இருந்தால் பேசுங்கள், எதிர்க்கருத்து உள்ள மாணவர் பேசவும் இடம் கொடுங்கள். போராட்டத்துக்கு வந்தவருக்கு இன்டெர்னல் மார்க் கூட்டுவதும் வராதவருக்குக் குறைப்பதும் வேண்டாம். மார்க் விஷயத்தில் ஒரு புகார் வந்தாலே மற்ற எல்லா நியாயமும் போய்விடும்.

வாட்ஸ்அப் விஷயத்தில், ஜாதவ்பூர் பேராசிரியர் அம்பிகேஷ் மகாபத்ரா கதையைக் கேளுங்கள். அன்றைய மேற்கு வங்க முதலமைச்சர் மம்தா பானர்ஜி பற்றிய ஒரு கேலிச்சித்திரத்தை மின்னஞ்சலில் அனுப்பியதற்காக 2012 ஏப்ரலில் கைதானார். வழக்குப் போட்ட தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவையே 2015-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அவர் வழக்கிலிருந்து விடுபட்டது 2023 ஜனவரியில்தான். சரி தவறு பார்க்காமல் ஃபார்வர்டு செய்யும் பழக்கத்தை மட்டுமாவது நிறுத்துங்கள்.

கல்லூரி மன்னிப்புக் கடிதம் கேட்கிறது. எழுதிக் கொடுக்கலாமா?

பெற்றோரைக் கூட்டிவரச் சொல்லி, அழவைத்து, ஆபீஸில் டைப் செய்து வைத்த தாளில் கையெழுத்து வாங்குவது ஊர் ஊராக நடக்கிறது. அந்தத் தாளில் "கல்லூரிச் சொத்துக்களைச் சேதப்படுத்தியதை ஒப்புக்கொள்கிறேன்" என்று ஒரு வரி இருந்தால் அது போலீஸ் கோப்புக்குப் போகும். எழுதித்தான் ஆகவேண்டும் என்றால் சொந்தக் கையெழுத்தில், "வகுப்புக்கு வராததற்கு வருந்துகிறேன், இனி ஒழுங்காக வருவேன்" என்பதோடு நிறுத்துங்கள். நகல் வைத்துக்கொள்ளுங்கள். இடைநீக்கம், டி.சி. கொடுத்து அனுப்புவது போன்றவற்றுக்குக் குற்றச்சாட்டை எழுத்தில் தந்து, பதில் சொல்ல வாய்ப்புத் தரவேண்டும். தேர்வு நெருங்கும் நேரத்தில் ஹால் டிக்கெட்டை நிறுத்தினால் காத்திருக்காமல் உயர் நீதிமன்றம் போங்கள்.

அரசு வேலை, பாஸ்போர்ட் எல்லாம் போய்விடுமா?

போய்விடாது, தாமதமாகும். நீதிமன்றத்தில் வழக்கு நிலுவையில் இருந்தால் அந்த நீதிமன்றத்தின் அனுமதி வாங்கிப் பாஸ்போர்ட் எடுக்கலாம். வேலைக்கான சரிபார்ப்பில் வழக்கை மறைப்பதுதான் பெரிய ஆபத்து. சின்ன வழக்கை உள்ளபடி சொன்னவருக்கு நீதிமன்றங்கள் கை கொடுத்திருக்கின்றன. சீருடைப் பணிக்கு மட்டும் விதி கடுமையானது. சந்தேகத்தின் பலனில் விடுதலையானாலும் ஏற்கமாட்டார்கள். எஸ்.ஐ. தேர்வுக்குப் படிக்கும் மாணவர் இதைத் தெரிந்துகொண்டு முடிவெடுக்கட்டும்.

அரசுகள் போராட்ட வழக்குகளைத் திரும்பப் பெறுவதும் உண்டு. குடியுரிமைத் திருத்தச் சட்டம், வேளாண் சட்டங்கள், எட்டுவழிச் சாலை முதலியவற்றை எதிர்த்தவர்கள் மீதான 5,570 வழக்குகளைத் திரும்பப் பெறுவதாக 2021 செப்டம்பரில் சட்டமன்றத்தில் அன்றைய முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அறிவித்தார். ஆனால் அரசாணை தானாக உங்கள் வழக்கை மூடாது. உங்கள் கிரைம் நம்பர் அதில் வருகிறதா என்று நீதிமன்றத்தில் போய்ப் பார்த்து முடித்துவைக்க வேண்டும்.

போலீஸ் வந்தால் போராட்டம் அடங்கிவிடும் என்று எங்கள் நிர்வாகம் நம்புகிறது. அடங்குமா?

நம் மாநிலத்து அனுபவம் அப்படிச் சொல்லவில்லை. 1965 ஜனவரி 27 அன்று சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் ராஜேந்திரன் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். இந்தி எதிர்ப்பு அதோடு ஓயவில்லை. இரண்டே ஆண்டில் ஆட்சி மாறியது. 2013 மார்ச் 8 அன்று ஈழத் தமிழர் பிரச்சினைக்காக லயோலா கல்லூரி மாணவர்கள் எட்டுப் பேர் உண்ணாவிரதம் தொடங்கினார்கள். எட்டே பேர். மூன்றாம் நாள் இரவோடு இரவாகப் போலீஸ் அவர்களைத் தூக்கியது. அடுத்த சில நாட்களில் மாநிலம் முழுக்கக் கல்லூரிகள் தெருவுக்கு வந்தன. அரசு கல்லூரிகளுக்குக் காலவரையற்ற விடுமுறை விட்டு, விடுதிகளையும் மூடியது.

2017 மெரினா ஜல்லிக்கட்டுப் போராட்டம் இன்னொரு விதம். ஒரு வாரம் போலீஸ் ஒதுங்கி நின்றது, சின்ன அசம்பாவிதமும் இல்லை. ஜனவரி 23 காலை கலைக்க இறங்கியதும்தான் வன்முறை. போலீஸாரே வாகனங்களுக்குத் தீ வைப்பது போன்ற வீடியோக்கள் பரவின. நீதிபதி ராஜேஸ்வரன் ஆணையம் அமைக்கவேண்டி வந்தது.

போலீஸ் அடித்துவிட்டது. எங்கே போவது, என்ன கையில் இருக்கவேண்டும்?

முதலில் அரசு மருத்துவமனை. தனியார் மருத்துவமனையில் கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டால் வழக்குக்கு வலு குறைந்துவிடும். அவசரப் பிரிவில் "கீழே விழுந்தேன்" என்று சொல்லவேண்டாம். யார் அடித்தது, எதால், எங்கே, எத்தனை மணிக்கு என்று சொல்லி ஏ.ஆர். என்ட்ரி (மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டில் பதிவு) போடச் சொல்லுங்கள், நகல் கேளுங்கள். காயத்தை அன்றும் மூன்றாம் நாளும் படம் எடுங்கள்; ரத்தக்கட்டு மூன்றாம் நாள்தான் நன்றாகத் தெரியும். ரிமாண்டுக்குக் கொண்டுபோனால் நடுவர் "போலீஸ் மேல் புகார் உண்டா?" என்று கேட்பார். பக்கத்தில் அதே போலீஸ்காரர் நிற்பார்தான். அந்த நேரத்தில் சொல்லாத காயத்தைப் பிறகு நிரூபிப்பது பெரும்பாடு.

ஸ்டேஷனுக்குள் நடந்தது என்றால் சி.சி.டி.வி. பதிவைப் பாதுகாத்து வைக்கும்படி எஸ்.பி.க்கோ ஆணையருக்கோ அன்றே பதிவுத் தபால் அனுப்புங்கள். எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா வேண்டும், பதிவை வைத்திருக்கவேண்டும் என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. கல்லூரிக்குள் என்றால் முதல்வருக்கும் அதே கடிதம். ஜாமியா நூலகத்தில் நடந்தது என்ன என்பது இரண்டு மாதம் கழித்து அந்த நூலகக் கேமராப் பதிவு வெளியானபோதுதான் மறுக்க முடியாததாக ஆனது.

மாநில மனித உரிமை ஆணையத்துக்குச் சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் மனுச் செய்யவேண்டும். வெள்ளைத்தாள் போதும், கட்டணம் இல்லை. மனுவோடு ஏ.ஆர். நகல், படங்கள், அன்று இரவு ஸ்டேஷனில் ஆசிரியர் எழுதிய அந்தத் தாளின் நகல் ஆகியவற்றைச் சேருங்கள். மூலத்தை யாரிடமும் கொடுக்கவேண்டாம்.